ஆறாம் படிவமா, மெட்ரிகுலேஷனா? கெடா தோட்டத்து மாணவர்களும் வேதியியல் என்னும் வாசலும்



"டாக்டராகணும்" என்று சொல்லாத பிள்ளை எந்தத் தமிழ்ப்பள்ளியிலும் இருக்காது. ஆண்டு 1 வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பாதிக் கைகள் உயரும். படிவம் 5இல் அதே கேள்வியைக் கேட்டால் இரண்டு மூன்று கைகள்தான் மிஞ்சும். மற்ற கைகள் ஏன் இறங்கின? காரணம் பல இருக்கலாம். ஆனால் வேதியியல் பாடத்தை எப்போது, எங்கே, எந்த மொழியில் படிக்க வேண்டும் என்ற கேள்வி அதில் பெரிய பங்கு வகிக்கிறது. அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் இன்று எடுக்க வேண்டிய முடிவு எளிதாகும்.

கல்லூரிக்கு உள்ளே இருந்த வேதியியல்

மலாயாவுக்கும் சிங்கப்பூருக்குமான முதல் மருத்துவப் பள்ளி 1905இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 1921இல் அது ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி என்று பெயர் பெற்றது. அலோர்ஸ்டாரில் பிறந்து, சுல்தான் அப்துல் ஹமிட் கல்லூரியில் படித்த மகாதீர் முகமது 1947இல் அங்கே சேர்ந்தார். 1953இல் மருத்துவராக வெளியே வந்தார். அன்றைய மருத்துவப் படிப்பின் முதல் கட்டமே வேதியியல், இயற்பியல், உயிரியல் என்ற அடிப்படை அறிவியல்தான். அதாவது, அந்தக் காலத்தில் வேதியியல் கல்லூரி வாசலுக்கு உள்ளே இருந்தது. ஆங்கிலப் பள்ளியை நல்லபடியாக முடித்து உள்ளே போனால், அதன்பிறகு சொல்லிக்கொடுத்தார்கள்.

ஆனால் அந்த ஆங்கிலப் பள்ளி எங்கே இருந்தது? பட்டணத்தில். பீடோங், லூனாஸ், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தவை தொடக்கநிலைத் தமிழ்ப்பள்ளிகள் மட்டுமே. பால்மரம் வெட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு மருத்துவம் என்றால் தோட்டத்து டிரஸ்ஸர்தான் தெரியும். அவருக்கு மேலே ஒரு படிப்பு இருக்கிறது என்று சொல்லவும் ஆள் இல்லை.

வாசலுக்கு வெளியே வந்த வேதியியல்

1949இல் ஏழாம் எட்வர்ட் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. 1960களில் கோலாலம்பூரில் அதன் மருத்துவப் புலம் அமைந்தபோது, முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர் பேராசிரியர் டி. ஜே. தனராஜ். நம்மவர் ஒருவர் அந்தப் புலத்தையே கட்டி எழுப்பினார் என்பதை மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள்.

காலப்போக்கில் வேதியியல் இடம் மாறியது. பல்கலைக்கழகம் கற்றுத் தந்த அடிப்படைப் பாடம், அங்கே நுழைவதற்கு முன்பே தேற வேண்டிய பாடமாக ஆறாம் படிவத்துக்கு வந்துவிட்டது. 1982இல் எஸ்டிபிஎம் தேர்வு வந்தது.

மொழியும் மாறிக்கொண்டே இருந்தது. 1970இல் தொடங்கி ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்மொழிக்கு மாறின. 2003இல் அறிவியலும் கணிதமும் மீண்டும் ஆங்கிலத்துக்குப் போயின. 2009இல் அந்தக் கொள்கையைக் கைவிட அரசு முடிவெடுத்தது. தமிழில் அறிவியல் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளை, 'அணு' என்று கற்றதை 'அதோம்' என்றும் 'ஆட்டம்' என்றும் திரும்பத் திரும்பக் கற்க வேண்டியிருந்தது. "கிமியா கஷ்டம் சார்" என்று மாணவர் சொல்லும்போது, கஷ்டம் பாடத்திலா மொழியிலா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

கல்வி அமைச்சின் மெட்ரிகுலேஷன் கல்லூரிகள் இன்னொரு பாதை. முதலில் பூமிபுத்ரா மாணவர்களுக்கு மட்டும் இருந்த அந்த இடங்களில் 10 விழுக்காடு 2003இல் மற்றவர்களுக்கும் திறக்கப்பட்டது. 2012இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடங்கள் அறிவிக்கப்பட்டன. கெடாவிலேயே சாங்லூனில் ஒரு மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. 2001இல் ம.இ.கா.வின் கல்வி அறவாரியமான எம்ஐஇடி, ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தைக் கெடாவில் தொடங்கியது. பூஜாங் பள்ளத்தாக்கை ஒட்டிய செமிலிங்கில், ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள் இருந்த வட்டாரத்திலேயே, மருத்துவப் புலம் எழுந்தது.

இப்போது எங்கே நிற்கிறது?

முடிவெடுக்கும் வயது இன்னும் கீழே இறங்கிவிட்டது. 2020 முதல் படிவம் 4இல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிப்பு இல்லை. மாணவர்கள் பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். "அறிவியல் தொகுப்புதானே எடுத்திருக்கேன்" என்று நினைத்துக்கொண்டு, வேதியியலோ உயிரியலோ இல்லாத தொகுப்பில் சேர்ந்துவிட்டால், மருத்துவ வாசல் 16 வயதிலேயே மூடிக்கொள்ளும். வேதியியல், உயிரியல், இயற்பியல், கூடுதல் கணிதம் நான்கும் உள்ள தொகுப்பே பாதுகாப்பானது.

எஸ்பிஎம் முடிந்ததும் மூன்று பாதைகள்:

1. எஸ்டிபிஎம்: மூன்று தவணைகள், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. முதல் தவணையில் பௌதிக வேதியியல், இரண்டாவதில் பௌதிக வேதியியலின் மீதியும் கனிம வேதியியலும், மூன்றாவதில் கரிம வேதியியல். பாடம் மூன்று தவணைகளில் பிரிந்து வருவதால் மூச்சுவிட நேரம் உண்டு. தவணைத் தேர்வில் சறுக்கினால் மறுதேர்வும் எழுதலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் இதை ஏற்கின்றன. செலவும் குறைவு.

2. மெட்ரிகுலேஷன்: ஓராண்டு, இரண்டு பருவங்கள். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். கரிம வேதியியல் முழுவதும் இரண்டாம் பருவத்தில், வேக இயலோடும் மின்வேதியியலோடும் சேர்ந்து வரும். வேகம் அதிகம். படிவம் 4, 5இல் அடித்தளம் உறுதியாக உள்ளவர்களுக்கு ஏற்றது. உயிரியலும் இயற்பியலும் சேர்ந்த பிரிவையே கேளுங்கள்.

3. அடிப்படைக் கல்வி: அரசுப் பல்கலைக்கழகங்களின் அசாசி, தனியார் பல்கலைக்கழகங்களின் ஃபவுண்டேஷன். பெரும்பாலும் ஓராண்டு. தனியார் என்றால் அதன்பின் வரும் ஐந்தாண்டுக் கட்டணத்தையும் பெற்றோரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டுச் சேருங்கள். எந்த எந்தப் பல்கலைக்கழகம் அந்தச் சான்றிதழை ஏற்கும் என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எந்தப் பாதையானாலும் வேதியியலும் உயிரியலும் கட்டாயம். இவற்றோடு இயற்பியலோ கணிதமோ வேண்டும். மலேசிய மருத்துவ மன்றத்தின் குறைந்தபட்சத் தகுதியையும், நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்தின் தகுதியையும் அந்தந்த ஆண்டு சரிபாருங்கள். அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தேர்வு முடிவுக்கு 90 விழுக்காடும் புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடும் கணக்கிடுகிறார்கள். அந்த 10ஐ அலட்சியம் செய்யாதீர்கள்.

பால் கொட்டகையில் இருந்த பாடம்

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. வேதியியல் நம் பிள்ளைகளுக்கு அந்நியமான பாடம் இல்லை. "அசிட் ஊத்தினா பால் உறையும்" என்பது அவர்களின் தாத்தா பாட்டிக்குத் தெரிந்த செய்தி. ரப்பர் பாலின் துகள்களைச் சுற்றிப் புரதப் படலம் இருக்கிறது. அதில் எதிர்மின்னூட்டம் உண்டு. அதனால்தான் துகள்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன. ஃபார்மிக் அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தை நடுநிலையாக்கும்போது துகள்கள் மோதி, ஒட்டி, உறைகின்றன. அம்மோனியா கலந்தால் உறையாது. இது இன்றைய படிவம் 5 பாடநூலில் உள்ள பகுதி. தேர்விலும் கேட்கப்படுகிறது.

இதே அமில-கார அறிவுதான் ஆறாம் படிவத்தில் அயனிச் சமநிலையாக வளர்கிறது. மருத்துவக் கல்லூரியில், ரத்தத்தின் பிஎச் அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையில் ஏன் நிற்கிறது, பைகார்பனேட் அதை எப்படிக் காக்கிறது என்ற பாடமாக அதுவே திரும்ப வருகிறது. பால் கொட்டகையில் தொடங்கி மருத்துவமனை வரை ஒரே இழை ஓடுகிறது. இதை வகுப்பில் சொல்லிக் காட்டுங்கள்.

ஆகவே வழிகாட்டலைப் படிவம் 5 முடிவு வரும்வரை தள்ளிப்போட வேண்டாம். "மார்க் வந்தா பாத்துக்கலாம்" என்பது பட்டணத்தில் அக்காளும் மாமாவும் வழிகாட்டும் வீட்டுக்குச் சரிப்படலாம். தோட்டத்திலிருந்து குடிபெயர்ந்து சுங்கைப்பட்டாணி அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைக்கு, படிவம் 3இலேயே அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டியவர் ஆசிரியர்தான்.

வகுப்பில் கலந்துரையாட

1. 1947இல் மருத்துவம் படிக்கச் சென்ற மாணவரும் இன்றைய மாணவரும் வேதியியலைச் சந்திக்கும் இடம் எப்படி மாறியுள்ளது?
2. பயிற்றுமொழி மாற்றங்கள் தமிழ்ப்பள்ளி மாணவர்களை எவ்வாறு பாதித்தன? இரண்டு கருத்துகள் எழுதுக.
3. உங்கள் சூழலுக்கு எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன், அடிப்படைக் கல்வி ஆகியவற்றில் எது பொருந்தும்? காரணத்தோடு விளக்குக.