மழைக்கால இளைப்பும் காலந்தவறிய எதிர்ப்பும்: கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

தீபாவளி கழிந்து தைப்பூசம் வருவதற்கு இடைப்பட்ட மழை மாதங்களில் குழந்தைகளுக்கு இருமலும் இளைப்பும் மிகுவதைக் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தாய்மார்கள் நன்கறிவர்; மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 1982 முதல் 1997 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தவர்களும், சிசுக்களின் கீழ்ச்சுவாசப் பாதையைத் தாக்கும் வைரஸ்களுள் ஆர்.எஸ்.வி.யே தலையாயது என்றும், நவம்பர் முதல் ஜனவரி வரை அது உச்சமடைகிறது என்றும் கண்டனர். கிருமி புகுந்து நுரையீரலை அரித்துவிடுவதே இவ்வியாதி என்பது பொதுவான அபிப்பிராயம். அது பாதி உண்மையே. மூச்சுக்குழலை அடைப்பதில் சரீரத்தின் பிரதிகிரியைக்குப் பெரும்பங்கு உண்டு என்பதும், அப்பிரதிகிரியையின் தோஷம் பெரிதும் அது காலந்தவறி எழுவதிலேயே இருக்கிறது என்பதும் என் வாதம்.

சாதாரண ஜலதோஷத்தை உண்டாக்கும் ரைனோ வைரஸ் தொற்றிய மூக்குச் சவ்வைத் துணித்தெடுத்து நோக்கியவர்கள், மூக்கடைப்பும் நீர்ப்பெருக்கும் கடுமையாக இருந்தபோதிலும், சவ்வணுக்கள் பெரும்பாலும் சிதையாமலிருக்கவே கண்டனர். வைரஸின் ஆர்.என்.ஏ.யை அணுவுக்குள் இருக்கும் உணர்விகள் அறிந்தவுடன், 1957-இல் ஐசக்ஸும் லிண்டன்மானும் கண்டறிந்த இண்டர்ஃபெரான் சுரந்து அண்டை அணுக்களைக் காப்புக்கு ஆயத்தப்படுத்துகிறது. உடன் சுரக்கும் வேறு புரதங்கள் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களை இரத்தத்திலிருந்து வரவழைக்க, அவை உமிழும் நொதிகளால் சவ்வு வீங்கிச் சளி பெருகுகிறது. சீரான காற்றோட்டத்தில் குழலின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும் என்பது பௌதிக விதி. ஆதலின், வளர்ந்தவருக்கு வெறும் இருமலாகக் கழியும் வீக்கம் கைக்குழந்தைக்குப் பிராணாபத்தாகிறது.

எதிர்ப்பே தீங்காகக்கூடும் என்பதற்கு 1966-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பரிசோதனையினும் துயரமான சான்றில்லை. ஃபார்மலினால் செயலிழக்கச் செய்த ஆர்.எஸ்.வி. தடுப்பூசியைப் பெற்று, பின்னர் அத்தொற்றுக் கண்ட சிசுக்களில் 80 சதவிகிதத்தினரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. ஒப்பீட்டுக் குழுவிலோ அது 5 சதவிகிதமே. தடுப்பூசி பெற்ற இரு குழந்தைகள் இறந்தனர். அத்தடுப்பூசி எழுப்பிய எதிர்பொருள்கள் வைரஸைப் பற்றிக்கொண்டனவேயன்றி, அணுக்களுள் அது புகுவதைத் தடுக்கும் வலிமையற்றிருந்தன; பற்றியவையும் பற்றப்பட்டவையும் சேர்ந்த கூட்டுகள் நுரையீரலில் தங்கி அழற்சியை வளர்த்தன. இதனை அறிந்தபின், 'எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்' என்று விற்கப்படும் பானங்களையும் மாத்திரைகளையும் நம் மக்கள் நம்பி வாங்குவது எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது.

அப்படியாயின் எதிர்ப்பை அடக்குவதே சிகிச்சையாகுமா? ஆகாது. ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சுக்குழல் அணுக்களில் ரைனோ வைரஸைத் தொற்றவைத்த சௌத்தாம்ப்டன் ஆய்வாளர்கள், அவ்வணுக்கள் இண்டர்ஃபெரான்-பீட்டாவைக் குறைவாகவே சுரந்ததையும், அதனால் வைரஸ் தடையின்றிப் பெருகியதையும் 2005-இல் வெளியிட்டனர். தொடக்கத்தில் எழவேண்டிய அந்தச் சிறு எதிர்ப்புத் தவறிவிடவே, பிற்பாடு சவ்வு வெளியிடும் ஐஎல்-33, டிஎஸ்எல்பி ஆகிய சமிக்ஞைப் புரதங்கள் ஐஎல்-5, ஐஎல்-13 என்னும் வேறு சமிக்ஞைப் புரதங்களைத் தூண்டி, இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்களையும் கெட்டிச் சளியையும் பெருக்குகின்றன. இவ்வகை அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு ஆஸ்துமாவில் பயன்தருகிறது. நியூட்ரோஃபில்களும் உதிர்ந்த சவ்வணுக்களும் குழலை அடைக்கும் சிசுக்களின் ஆர்.எஸ்.வி. நோயிலோ அது பலனளிப்பதில்லை.

நம் பள்ளத்தாக்குக்குப் புகைமூட்டம் என்னும் தனித்துயரமும் உண்டு. 2005 ஆகஸ்ட் 11 அன்று, காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டியதால் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 1997 புகைமூட்டத்தின்போது சிங்கப்பூரில் தேசிய சேவையிலிருந்த ஆரோக்கியமான இளைஞர்களின் இரத்தத்தைச் சோதித்தவர்கள், எலும்பு மஜ்ஜையிலிருந்து முதிராத நியூட்ரோஃபில்கள் வெளிவந்திருக்கக் கண்டனர். புகையே அவற்றைக் கிளப்பியிருந்தது. சுமாத்ராவில் எரியும் சதுப்புக் காடுகளின் புகை ஓய்ந்து ஓரிரு மாதங்களில் ஆர்.எஸ்.வி.யின் பருவம் பிறந்துவிடுகிறது. ஆதலின், ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு வைரஸின்மேல் செயலற்ற ஆன்டிபயாடிக்கைக் கேட்டு வாங்காமலும், இளைப்பு வந்தபின் உடனடி நிவாரணம் தரும் நீல இன்ஹேலரை மட்டும் நம்பியிராமலும், மருத்துவர் வகுத்த ஸ்டீராய்டுத் தடுப்பு இன்ஹேலரைப் புகைக்காலம் தொட்டே இடைவிடாது கொடுத்து, நவம்பர் மழை தொடங்குமுன் சவ்வின் அழற்சியைத் தணித்துவைப்பதே இவ்வூர்ச் சூழலுக்குப் பொருந்திய முறையாகும்.