சளி மருந்திலிருந்து மனநோய் மருந்துக்கு

கொழும்பு–புத்தளம் வீதியில், முந்தல் களப்பைத் தாண்டி வரும் மதுரங்குளியில், குளூட்டமேட் என்ற சொல்லைக் கேட்டிராதவரும் அதன் சுவையை நன்கு அறிவர்; இறாலுக்கும் கருவாட்டுக்கும் உரிய ஆழ்ந்த சுவையைத் தரும் பொருள்களுள் அதுவும் ஒன்று. 1866இல் ஜெர்மன் வேதியியலாளர் ரித்தௌசன் கோதுமைப் புரதத்திலிருந்து பிரித்தெடுத்த குளூட்டமிக் அமிலத்தை, 1908இல் ஜப்பானியரான இக்கேடா கொம்பு என்னும் கடற்பாசியின் சுவைக்குக் காரணம் என்று இனங்கண்டார். அதன் உப்பே அஜினமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. உண்ணும் குளூட்டமேட்டின் பெரும்பகுதி மூளையை எட்டுவதில்லை. மூளையோ தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்கிறது. ஒரு நரம்புக்கலம் அடுத்ததைத் தூண்டும்போது வெளிவிடும் வேதித் தூதுவர்களுள் தலையாயது இதுவே என்பது, 1950களில் தொடங்கிய ஆய்வுகள் பல பத்தாண்டுகள் தொடர்ந்த பின்னரே நிலைபெற்றது.

இந்தத் தூதுவரைக் குறிவைத்துச் சிகிச்சை தேடப்படும் நோய்களுள் இரண்டைப் பார்ப்போம். தலைமயிரையோ இமைமயிரையோ அடக்கவியலாத உந்துதலால் பிடுங்கிக்கொண்டேயிருக்கும் நிலைக்கு, 1889இல் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் அல்லோபோ ‘ட்ரைக்கோட்டிலோமேனியா’ என்று பெயரிட்டார். தோலைக் கிள்ளிக் கிள்ளிப் புண்ணாக்கும் நிலையை அதற்கு முன்பே, 1875இல், இங்கிலாந்தின் எராஸ்மஸ் வில்சன் விவரித்திருந்தார். சமணத் துறவியர் மயிர் பறித்ததைத் தமிழ் இலக்கியம் நெடுங்காலமாக அறியும். ஆனால் அது துறவி தானே ஏற்ற நோன்பு, இதுவோ விட நினைத்தும் விட முடியாத செயல் என்பதால், இரண்டையும் ஒன்றாக்குவது பிழை. வீட்டிலே கெட்ட பழக்கம் என்று அதட்டப்பட்ட இந்நிலைகளுள் முதலாவது 1987இலும், மற்றது 2013இலும்தான் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் தனிப் பெயரோடு இடம்பெற்றன. முதலாவதற்குப் பெயரிட்டதற்கும் அதை நோயாக ஏற்றதற்கும் இடையில் ஏறத்தாழ நூறாண்டு கழிந்தது.

மயிர் பிடுங்குவோருக்கு, செரட்டோனின் என்னும் இன்னொரு தூதுவரைக் குறிவைத்த குளோமிப்பிரமின் என்னும் மருந்து 1989ஆம் ஆண்டுச் சிறிய ஆய்வொன்றில் நம்பிக்கையூட்டினாலும், பின்வந்த புளுவொக்செட்டின் ஆய்வுகள் ஏமாற்றமே அளித்தன. பழக்கத்தை உணர்ந்து அதற்கு எதிரான அசைவால் தடுக்கும் பயிற்சி 1973 முதல் இருந்துவருகிறது. இன்றும் முதலில் பரிந்துரைக்கப்படுவது அதுவே.

புதிய வழி எதிர்பாராத இடத்திலிருந்து திறந்தது. அசிட்டைல்சிஸ்டீன் 1960களில் கட்டிச் சளியை இளக்கவென்று வந்த மருந்து. 1970களில் பரசிட்டமோல் நஞ்சாகும்போது கல்லீரலைக் காக்கும் மாற்று மருந்தாகவும் அது நிலைபெற்றது. அது தரும் சிஸ்டீன், சிஸ்டினாக மாறி நரம்பின் துணைக்கலங்களுக்குள் நுழைகையில், பண்டமாற்றுப் போல அங்கிருந்து குளூட்டமேட் வெளியேறுகிறது. வெளியே கூடிய அந்த அளவை உணரும் நரம்பு முனைகள் தம் சுரப்பைக் குறைத்துக்கொள்கின்றன என்பதே விளக்கம். 2009இல் உளமருத்துவர் ஜான் கிராண்ட் குழுவினர் மயிர் பிடுங்கும் 50 பேரிடம் 12 வாரம் நடத்திய ஆய்வில், இம்மருந்தை உட்கொண்டோருள் 56 வீதத்தினரும், மருந்தற்ற போலி வில்லை பெற்றோருள் 16 வீதத்தினரும் தேறினர். ஆயினும் 2013இல் 39 சிறாரிடம் செய்த ஆய்வில் வேறுபாடே காணப்படவில்லை என்பதை, இம்மருந்தைப் புகழ்வோர் பெரும்பாலும் மெல்லக் கடந்துவிடுகின்றனர். தோல் கிள்ளும் 66 பெரியவர்களை உட்படுத்திய 2016ஆம் ஆண்டு ஆய்வில் முறையே 47, 19 வீதத்தினர் தேறினர்.

அடுத்து வந்த மெமன்டின் மறதிநோய்க்காக 2002இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. குளூட்டமேட்டை ஏற்கும் வாயில்களுள் ஒருவகை அளவுமீறித் திறந்திருக்கையில், அது அவற்றை அடைத்து நிற்கிறது. 2023இல் இரு நோய்களுள் ஒன்றேனும் உடைய 100 பேரிடம் 8 வாரம் கிராண்ட் குழுவே நடத்திய ஆய்வில், மெமன்டின் பெற்றோருள் 60.5 வீதத்தினரும், போலி வில்லை பெற்றோருள் 8.3 வீதத்தினரும் தெளிவாகத் தேறினர். ஆயினும் இந்நோய்களுக்கென்றே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்த மருந்து எதுவுமில்லை. மதுரங்குளியில் ஒருவருக்கு இவை எழுதிக்கொடுக்கப்பட்டாலும், பெட்டிக்குள் மடித்து வைத்த தாள் ஒன்றில் சளியைப் பற்றியும் மற்றதில் மறதியைப் பற்றியுமே அச்சிடப்பட்டிருக்கும்.