எட்டி நின்ற தீவு

மாலை வேளைகளில் தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று என் பாட்டியார் கடலுக்குள் கைநீட்டிக் காட்டுவார். நீரும் வானும் சேரும் இடத்தில் மை தீட்டியது போல் ஒரு கோடு கிடக்கும். அதுவே முயல் தீவு. "நம்ம ஆளுக குடிபோயிருந்த இடம்யா" என்பார். எப்போது, எதற்காக என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. சிறுவனாகிய எனக்கு அது தெரியவும் வேண்டியிருக்கவில்லை. தோணியேறி அங்கே போய்ச் சிப்பி பொறுக்க வேண்டும் என்பதே என் கனவாயிருந்தது. (மண்டபத்துக்கு அருகிலும் ஒரு முசல் தீவு உண்டு. அது வேறு, இது வேறு.)

படிப்பும் வேலையும் என்னை உள்நாட்டுக்கு இழுத்துச் சென்றன. எழுபதைத் தொட்ட பின்னரே, சென்ற தை மாதத்தில், அங்கே போக வாய்த்தது. 1974-இல் திறக்கப்பட்ட புதிய துறைமுகத்தின் பணிகளால் தீவு எப்போதோ கரையோடு இணைந்துவிட்டது. தோணிக்காகக் காத்திருந்தவன் ஆட்டோவில் போய் இறங்கினேன்! ஆழமற்ற நீரில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தனர். கட்டுச்சோற்றுப் பொட்டலங்கள் அவிழ்ந்துகொண்டிருந்தன.

பாட்டியார் சொன்ன சொல்லின் பொருளை நான் ஏடுகளில் தேடியறிந்தது நடுவயதில்தான். 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்ற முத்துக்குளித்துறைப் பரதவர், அதன்பின் நிம்மதியாக வாழ்ந்துவிடவில்லை. புன்னைக்காயல் பலமுறை தாக்குண்டது. 1560-இல் போர்த்துக்கீச ஆளுநர் கொன்ஸ்தாந்தீனு தெ பிரகான்சா மன்னார்த் தீவைக் கைப்பற்றி, புன்னைக்காயல் மக்களை அங்கே குடியேற்றினார். தமிழை அச்சேற்றிய அன்றீக் அடிகளாரும் அவர்களோடு சில காலம் மன்னாரில் பணிபுரிந்தார். ஆயினும் பலர் பின்னர் தாயகக் கரைக்கே மீண்டனர்.

அடுத்த அலை தூத்துக்குடியின்மீது வீழ்ந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மதுரை நாயக்கரின் சார்பில் கயத்தாற்றிலிருந்து அதிகாரம் செலுத்தியவரின் படை ஊருக்குள் புகுந்தது. சேசு சபையாரின் கோவிலும் இல்லமும் சூறையாடப்பட்டன. 1604-இல் குருக்களோடு மக்களும் எதிரே இருந்த தீவுக்குப் பெயர்ந்தனர். அதை இராசத் தீவு என்று போர்த்துக்கீசர் அழைத்தனர். நம் முயல் தீவே அது என்பர். அங்கே கோவிலும் குடியிருப்பும் எழுந்தன. சில ஆண்டுகள் கழித்தே அவர்கள் ஊர் திரும்பினர்.

இதை நம் முன்னோரின் துன்பக் கதையாக மட்டுமே கேட்டு வந்திருக்கிறோம். எனக்கு அவ்வளவோடு நிறைவில்லை. நாயக்கருக்குக் குதிரைப்படை இருந்தது, யானைகள் இருந்தன. ஆனால் பார்களில் மூழ்கிச் சிப்பி எடுத்துவர அவரிடம் ஆள் இல்லை. இடுப்பில் கயிற்றோடும் காலடியில் கல்லோடும் மூச்சடக்கி இறங்கத் தெரிந்தவர்கள் இந்தக் கரையின் மக்களே. அவர்கள் படகோடு போய்விட்டால் முத்தும் இல்லை, வரியும் இல்லை. எனவே தீவுக்குப் போனதை ஓட்டம் என்று மட்டும் சொல்ல என் மனம் இசையவில்லை. நிலத்தை ஆண்டவனிடம் கடலோடி பேசிய பேச்சாகவும் அது எனக்குத் தோன்றுகிறது. உழவனால் வயலைச் சுருட்டிக்கொண்டு போக முடியாது. இவர்களுக்கோ வயலே கடலாயிருந்தது.

அந்த வலிமை இன்று இல்லை. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். தீவுகளுக்கும் கேடு வந்தது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பாடத்தில் படித்தோம். அவற்றுள் நம் கரைக்கு அருகிலிருந்த விலங்குசல்லித் தீவு நீருக்குள் போய்விட்டது. சுண்ணாம்புக்கென நெடுங்காலம் பவளக்கற்களை வெட்டியெடுத்ததால் அலையைத் தடுக்க அரண் இல்லாமற்போயிற்று. அந்தச் சுண்ணாம்பு பூசிய வீடுகளில்தான் நாமும் வளர்ந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

சிப்பிகள் சில பொறுக்கினேன். பின்பு மேற்கே திரும்பி நின்றேன். பாட்டியார் கைநீட்டிய திசைக்கு எதிர்த்திசை அது. பாரந்தூக்கிகளுக்கும் புகைபோக்கிகளுக்கும் இடையே பனிமய அன்னையின் கோவில் தென்படுகிறதா என்று தேடினேன். 1604-இல் இதே மணலில் நின்ற ஒரு தாயும் இப்படித்தான் தன் வீட்டைத் தேடியிருப்பாள். தம் பிள்ளைக்கு எந்தத் திசையில் கைநீட்டிக் காட்டியிருப்பாள்?

ஆட்டோக்காரர் ஒலியெழுப்பினார். இருட்டுமுன் போய்விட வேண்டுமாம்.