'ஒய்' என்பவர் எழுதிய கடிதங்கள்

கணினி நிரலும் ஒரு நூலே என்று சொன்னால் நம் வாசகருள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். ஆயினும் பலர் கூடி எழுதி, பலர் படித்துத் திருத்தி, எந்த வரியை யார் எந்நாளில் எக்காரணம்பற்றி மாற்றினார் என்ற குறிப்போடு காக்கப்படும் எழுத்து இக்காலத்தில் அதுவே. நம் பதிப்பாசிரியர்கள் பாடபேதங்களை அடிக்குறிப்பில் தந்தார்கள். ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளிய காரணத்தைப் பெரும்பாலும் தம் நெஞ்சோடு வைத்துக்கொண்டார்கள். நிரலாளர்கள் காரணத்தையும் எழுதிவைக்கிறார்கள். அவ்வாறு எழுதிவைக்கப்பட்ட மிகச் சிறிய திருத்தம் ஒன்றின் வரலாற்றையே இங்குச் சொல்லப் புகுகிறோம்.

லினக்ஸ் கெர்னலை உருவாக்குவோர் தம் திருத்தங்களை ஒருவர்க்கொருவர் மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்வது தொடக்கம் முதலே இருந்துவரும் வழக்கம். நீக்க வேண்டிய வரியின் தலையில் கழித்தற்குறி, சேர்க்க வேண்டிய வரியின் தலையில் கூட்டற்குறி. இத்தகைய கடிதத்தைப் படித்து மூல நிரலில் தானே திருத்தம் செய்துவிடும் 'பேட்ச்' என்னும் நிரலை லாரி வால் 1985இல் வெளியிட்டார். கடிதத்தைப் பெறுபவர் அதன் வரிகளை மேற்கோளாக நிறுத்தி, ஒவ்வொன்றின் கீழும் தம் ஐயத்தை எழுதித் திருப்பி அனுப்புவார். மூலத்தின் இடையிடையே உரை எழுதிய மரபை அறிந்த நமக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றுவதில்லை.

இடர் வேறோர் இடத்தில் இருந்தது. சாதாரண மின்னஞ்சல் மென்பொருள்கள் நீண்ட வரிகளைத் தம் விருப்பம்போல் மடக்கிவிடும், இடைவெளிகளைத் தின்றுவிடும். ஓர் இடைவெளி பிசகினாலும் திருத்தம் ஒட்டாமற் போகலாம். ஆகவே கடிதத்தை எழுத்து பிசகாமல் கொண்டுசேர்க்கும் தனிக் கருவி ஒன்று வேண்டியிருந்தது. கெர்னல் உருவாக்குநரான கிரெக் க்ரோ-ஹார்ட்மன் தம் தேவைக்காக எழுதிவைத்திருந்த சிறு நிரலை ரயன் ஆண்டர்சன் 2005இல் வளர்த்தெடுத்தார். லினஸ் டோர்வால்ட்ஸ் அவ்வாண்டு ஏப்ரலில் தொடங்கிய 'கிட்' என்னும் மென்பொருளின் ஓர் உறுப்பாக, 'கிட் சென்ட்-இமெயில்' என்ற பெயரோடு அது நிலைபெற்றது. சாளரம் இல்லை, சுட்டி இல்லை. கட்டளைவரியில் தட்டச்சிட வேண்டும். வேண்டிய விவரம் கிடைக்காதபோது அது கேள்வி கேட்கும். அவ்வளவே. இக்கருவியில் செய்யப்படும் திருத்தங்களும் கடிதங்களாகவே அனுப்பப்பட்டு மதிப்பிடப்படுகின்றன. பெரும்பாலும் இதே கருவியின் மூலமாக. உளிக்குப் பிடி செய்யவும் அந்த உளியே.

அக்கருவி கேட்ட முதற்கேள்வி, 'இம்மடல்கள் யாரிடமிருந்து வருவனவாகத் தோன்ற வேண்டும்?' என்பது. கேள்வியை அடுத்து, தான் ஊகித்த பெயரையும் முகவரியையும் பகர அடைப்புக்குறிக்குள் காட்டும். அது சரியெனில் வெறுமனே 'என்டர்' விசையைத் தட்டினால் போதும். ஆனால் மக்கள் 'ஒய்' என்னும் ஆங்கில எழுத்தைத் தட்டினார்கள். ஆம் என்பதன் சுருக்கம் அது. கருவியோ சொல்லுக்குச் சொல் பொருள்கொள்ளும் இயல்பினது. 'ஒய்' என்பதே அனுப்புநரின் முகவரி என்று எடுத்துக்கொண்டது. 'எம்மடலுக்கு மறுமொழியாக இதை அனுப்ப வேண்டும்?' என்ற கேள்விக்கும் இதே போன்ற ஓரெழுத்து விடைகள் வந்தன. விண்ணப்பப் படிவத்தில் பெயர் கேட்ட இடத்தில் 'ஆம்' என்று எழுதிய மாணவர் எவரையும் எம் ஆசிரியப் பணியில் நாம் கண்டதில்லை. ஆனால் அங்கே படிவத்தின் மீது பெயரை முன்கூட்டியே அச்சிட்டு யாரும் தருவதில்லை.

மின்னஞ்சல் போனால் போனதுதான். திரும்ப அழைக்க இயலாது. ஓர் எழுத்துப் பிழையால், பலநாள் உழைத்து எழுதிய திருத்தம் முகவரியற்ற ஒருவரின் பெயரில் உலகெங்குமுள்ள வாசகர் பலரைச் சென்றடையும். அதற்கு வரும் மறுமொழிகளோ எழுதியவரைச் சேரா.

2012 ஆகஸ்டில் இதற்கொரு திருத்தம் எழுதப்பட்டது. அதன் முகப்புரையை நாம் விரும்பிப் படித்தோம். ஏனோ தெரியவில்லை, மக்கள் இவ்வாறு விடையளிக்கிறார்கள் என்று அது தொடங்குகிறது. தன் கணினியில் உண்மையாகவே 'ஒய்' என்ற பயனர்பெயருடைய ஒருவர் தன் அலுவலகத் தோழர்க்கு மடல் அனுப்பவும் கூடும்; எனினும் அது கைப்பிசகாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி என்று மென்மையாகச் சொல்லி மேற்செல்கிறது. இந்த ஒரு வாக்கியத்தில்தான் திருத்தத்தின் உயிர் இருக்கிறது என்பது எம் கருத்து. 'அட்' குறியும் அதன்பின் ஒரு புள்ளியும் இல்லாத விடையை ஏற்பதில்லை என்று கதவை அடைத்திருந்தால் வேலை எளிதில் முடிந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை. அக்குறிகள் இல்லாதபோது, 'இதையே பயன்படுத்த வேண்டும் என்பதில் உறுதியா?' என்று இன்னொரு முறை கேட்கும்படி மட்டும் அமைத்தார்கள். இருக்கவும் கூடிய அந்த ஒற்றை 'ஒய்' என்பவருக்கு வழி அடைபடவில்லை.

அத்திருத்தம் கிட் மென்பொருளின் வெளியீட்டுக் குறிப்பில் இடம்பெற்றபோது சொல்லும் முறையே மாறியிருந்தது. மக்கள் ஏனோ பிழைசெய்கிறார்கள் என்பது போய், கேள்வியே பிழைக்கு இடந்தருவது என்றாயிற்று. சரியான முகவரியைக் கண்முன் காட்டிவிட்டுக் கேட்டால் எவருக்கும் 'ஆம்' என்று சொல்லத்தான் தோன்றும். அதை 'இல்லை, ஒய் என்பதே என் முகவரி' என்று பொருள்கொள்வது எவர் கருத்தும் அன்று என அக்குறிப்பு ஒப்புக்கொண்டது. பின்னர் அந்த முதற்கேள்வியே நீக்கப்பட்டது. பெயரை முன்பே அறிந்திருக்கும் கருவி அதைக் கேட்பானேன்?

இக்கருவியின் வரலாறு முழுதும் இத்தகைய சிறு வழக்குகளே. மடல் வரிசையில் ஒவ்வொன்றையும் முந்தையதற்கு மறுமொழியாகக் கோப்பதா, எல்லாவற்றையும் முதல் மடலின் கீழ்க் கோப்பதா என்ற வழக்கில் 2010 பிப்ரவரியில் வந்த 1.7.0 பதிப்பு பின்னதை இயல்பாக்கிற்று. மின்னஞ்சல் நெறிப்படி ஒரு வரி 998 எழுத்தைத் தாண்டலாகாது. அதனினும் நீண்ட வரியைக் கண்டால் மடலை நிறுத்திவைத்த கருவி, 2018 முதல் அவ்வரியைத் தானே குறியேற்றி அனுப்பிவிடக் கற்றுக்கொண்டது.

'ஒய்' மறுபடியும் வந்தார். ஆங்கிலமல்லாத எழுத்துகள் கலந்த மடலில், 'எந்தக் குறியாக்கத்தை அறிவிக்க வேண்டும்?' என்று கருவி கேட்கும். அடைப்புக்குறிக்குள் யுடிஎஃப்-8 என்று காட்டும். அங்கும் மக்கள் 'ஒய்' என்றே விடையளித்தார்கள். திஸ்கியும் தாபும் யூனிகோடும் மாறிமாறி வந்து கட்டம்கட்டமாகத் தெரிந்த தமிழ் மடல்களோடு மல்லாடியவர்களுக்கு, தவறான குறியாக்கப் பெயர் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. 2015இல் இதற்கும் பழைய மருந்தையே தந்தார்கள். ஆனால் இங்கே 'அட்' குறி உதவாது. ஆகவே எழுத்துகளை எண்ணினார்கள். இடைக்கோடின்றி எழுதிய யுடிஎஃப்8 ஐந்தெழுத்து இல்லை, ஆங்கிலத்தில் நான்கே. சீன மொழிக்குரிய 'பிக்5' என்பதும் நான்கே. நான்கினும் குறைந்தால் மீண்டும் கேள்.

அவ்வாறு மீண்டும் கேட்கும் கேள்விக்கு விடை 'ஒய்' அல்லது 'என்'. அவற்றுள் 'என்' பெரிய எழுத்தில் நிற்கிறது. வெறுமனே 'என்டர்' தட்டினால் இல்லை என்றே பொருள். இங்கே மட்டும் 'ஒய்' என்றால் உண்மையாகவே ஆம். ஆகையால் முதல் கேள்விக்கும் இரண்டாம் கேள்விக்கும் படியாமலே 'ஒய்' தட்டுகிறவரின் மடல் இன்றும் 'ஒய்' குறியாக்கத்திலேயே புறப்பட்டுப் போகும்.