அஃப்ளாடாக்சினும் கல்லீரல் புற்றுநோயும்

அஃப்ளாடாக்சின் என்பது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் முதலிய பூஞ்சைகள் உண்டாக்கும் நச்சு. சரியாகக் காயாத நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை, மிளகாய் ஆகியவற்றில் சேரும். கடலையும் மக்காச்சோளமும் விளைகிற, கோழிப்பண்ணைகள் மலிந்த சேலம்–நாமக்கல் சமவெளியில் உழவரும் பண்ணையாளரும் இதற்கு அஞ்சுகின்றனர்.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோது இந்நச்சு வெளிப்பட்டது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்ட 397 பேருக்கு ஈரல் நோய் கண்டது. 106 பேர் இறந்தனர்.

நச்சை வெளியேற்ற முயலும் கல்லீரல் நொதிகளே அஃப்ளாடாக்சின் பி1ஐ வீரியமிக்க எப்பாக்சைடாக மாற்றிவிடுகின்றன. அது டி.என்.ஏ.வின் குவானினில் ஒட்டிக்கொள்ள, செல் பிரியும்போது அங்கே தைமின் அமர்ந்துவிடுகிறது. சீனாவிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் நோயாளிகளின் கட்டிகளை ஆராய்ந்தவர்கள், 1991இல் கட்டியை அடக்கும் பி53 மரபணுவின் 249ஆம் இடத்தில் இதே மாற்றத்தைத் திரும்பத் திரும்பக் கண்டனர். மஞ்சள்காமாலை பி வைரஸும் உடலில் இருந்தால் ஆபத்து ஏறத்தாழ 60 மடங்காவதை ஷாங்காய் ஆய்வு 1992இல் காட்டியது.

டி.என்.ஏ. பிசகாமலேயே கேடு வரும் வழியும் உண்டு. படியெடுத்த ஆர்.என்.ஏ.வில் வேண்டாததை வெட்டி, மீதியைச் செல் ஒட்டுகிறது. 1977இல் இதைக் கண்டறிந்த பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவரும் 1993இல் நோபல் பரிசு பெற்றனர். கல்லீரல் கட்டிகளில் இந்த வெட்டி ஒட்டும் வேலை தடம் மாறுகிறது. கட்டியை அடக்கும் கே.எல்.எஃப்.6 மரபணுவிலிருந்து, அந்த அடக்குதலையே எதிர்க்கும் குட்டைப் புரதம் கூடுதலாக உருவாகிறது.

நச்சுத் தீவனம் தின்ற கோழிக்கு ஈரல் வெளிறி வீங்கும், முட்டை குறையும். முட்டைக்குள் இறங்குவது மிகச் சிறிதே. மாட்டுத் தீவனத்தில் இருந்தால் எம்1 என்ற வடிவில் பாலில் கலக்கும். பாலுக்கு இந்தியாவில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்பதே உச்சவரம்பு. 1985இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்தில் பண்ணையாளர்கள் தீவனத்தைச் சோதித்துக்கொள்கின்றனர்.

வேகவைத்தாலும் வறுத்தாலும் இந்நச்சு முழுதாக அழிவதில்லை. எனவே அறுவடை முடிந்ததும் கதிரை நன்கு காயவைத்து, உடைந்த, கறுத்த மணிகளைப் பிரித்து, தரையீரம் ஏறாமல் மூட்டைகளைப் பலகை மேல் அடுக்குவதே முதல் தடுப்பு. குழந்தைக்குப் போடும் மஞ்சள்காமாலை பி தடுப்பூசி இரண்டாவது. இரண்டும் எளியவை, இரண்டையும் எந்தக் குடும்பமும் விட்டுவிடலாகாது.