லென்ஸ் தேய்க்க ஆள் வேண்டும்! - ஒரு போர்க்காலப் பயிற்சியின் கதை

லென்ஸ் தேய்க்கும் ஒரு முழுத் தேர்ச்சி பெற்ற தொழிலாளியை உருவாக்க ஐந்து வருடம் ஆகும். 1940-இல் அமெரிக்காவில் எல்லோரும் சொன்னது இதுதான். ராணுவக் கருவிகளுக்கு லென்ஸ் வேண்டும், ஆனால் 350 ஆட்கள் குறைவு. ஐரோப்பாவில் போர் மூண்டு ஒரு வருடம் தாண்டிவிட்டது. ஐந்து வருடம் யார் காத்திருப்பது?

பொறுப்பு 'டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' (சுருக்கமாக டி.டபிள்யூ.ஐ.) என்ற அமைப்பிடம் வந்தது. அதே வருடம் ஆகஸ்டில்தான் அரசாங்கம் அதைத் தொடங்கியிருந்தது. தலைவர் சானிங் டூலி. பொதுவாக இப்படிப்பட்ட நேரத்தில் உடனே ஒரு பயிற்சி வகுப்பு ஆரம்பித்துவிடுவார்கள். டூலியின் குழுவில் இருந்த மைக் கேன் அப்படிச் செய்யவில்லை. வேலை நடக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். ஒரே தொழிலாளி 20 விதமான வேலைகளைச் செய்வது தெரிந்தது. அதில் 14 வேலைகளுக்குப் பெரிய தேர்ச்சி தேவையில்லை, வேறு ஆட்களே செய்யலாம்! மீதி ஆறைத்தான் கற்றுத்தர வேண்டியிருந்தது. ஐந்து வருடக் கணக்கு அங்கேயே உடைந்தது.

கற்றுத்தரும் முறை புதிதல்ல. முதல் உலகப்போரில் கப்பல் கட்டும் தளங்களுக்காக சார்லஸ் ஆலன் வகுத்த நான்கு படிகள்தான் அடிப்படை: ஆளைத் தயார் செய், செய்து காட்டு, செய்யச் சொல், சோதித்துப் பார். டி.டபிள்யூ.ஐ. இதை மேற்பார்வையாளர்களுக்குப் பத்து மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்தது. அதைவிட முக்கியமானது பின்னால் சேர்ந்த இன்னொரு பாடம்: உற்பத்தியில் எங்கே சிக்கல் என்று முதலில் கண்டுபிடி, அதற்கு மட்டும் பயிற்சித் திட்டம் போடு, முடிவை அளந்து பார். இந்த வரிசை தலைகீழானால் பயிற்சி வெறும் சடங்குதான்.

1945-இல் திட்டம் முடிந்தபோது 17 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சான்றிதழ் பெற்றிருந்தார்கள். 86 சதவீத நிறுவனங்களில் உற்பத்தி குறைந்தது 25 சதவீதம் கூடியதாம். அமைப்பு தானே எடுத்த கணக்கு இது, கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். போர்க்காலத்தில் உற்பத்தி கூட வேறு காரணங்களும் இருந்தனவே!

போர் முடிந்ததும் அமெரிக்க நிறுவனங்கள் இதைக் கைகழுவிவிட்டன. தோற்ற ஜப்பானுக்கு அதே பாடங்கள் போயின. டொயோட்டா பிடித்துக்கொண்டது.

1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து கலிஃபோர்னியாவில் தொழிற்சாலை திறந்தன. அமெரிக்கத் தொழிலாளிகளுக்கு ஏற்ற பயிற்சிப் பாடம் தயாரிக்கும் வேலை டொயோட்டாவில் இருந்த ஜான் ஷூக் என்ற அமெரிக்கருக்கு வந்தது. அவர் திணறுவதைப் பார்த்த ஜப்பானிய சக ஊழியர் ஒருவர் போய், மஞ்சளாகிப்போன பழைய கையேடு ஒன்றை எடுத்து வந்து நீட்டினார். ஆங்கிலத்தில் அச்சான மூல டி.டபிள்யூ.ஐ. கையேடு அது.