பூண்டுலோயாவின் நீர்வழி: தோட்டச் சுகாதாரமும் உள்ளூராட்சியும்

1. ஆய்வுப் பொருள்

பூண்டுலோயாவின் டன்சினன் தோட்டத்தில் அருவியாக விழும் பூண்டல் ஓயா, கொத்மலை ஓயாவோடு சேர்ந்து கொத்மலை நீர்த்தேக்கத்தை அடைகிறது, அதற்கப்பால் மகாவலி. மேட்டு லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) ஒரு கக்கூஸ் குழி கசிந்தால் பணிய லயத்துப் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வரும். அழுக்கு அங்கேயும் நிற்காது. நீர் இப்படி ஓட, நிர்வாகமோ தோட்டத்தையும் ஊரையும் இரண்டாகவே வைத்திருந்தது. இங்கே சூழலும் சுகாதாரமும் பின்தங்கியதற்கு அந்தப் பிரிவினையே முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. பிரிவினை வந்த வழி

1872இன் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் உடல்நலத்தைத் தோட்ட நிர்வாகத்தோடு பிணைத்தது. 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியது. மலம் கலந்த ஈர மண்ணில் வளரும் புழு வெறுங்காலின் தோல்வழியே உடலுக்குள் புகும். மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினாலும், மலகூடம் இல்லாத லயத்தில் அது மீண்டும் தொற்றும். அன்று கற்ற இந்தப் பாடம் இன்றைக்கும் பொருந்துகிறது.

1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. கேட்கும் உரிமையே போனபின் குழாயும் கானும் யாரிடம் கேட்பது? 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதி தோட்டக் குடியிருப்புக்குள் போகத் தடையாக இருந்தது. குடியுரிமை திரும்பக் கிடைத்தபின் வாக்களித்த மக்களுக்கே அந்தச் சபை வேலை செய்ய முடியவில்லை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது.

3. மண்

செங்குத்தான தேயிலை மலையில் மழைநீரைப் பிடித்து மெல்ல இறக்குவது கான். கான் தூர்ந்தால் மேல்மண் நேரே ஓயாவுக்குப் போகும். சுரண்டியால் புல் செதுக்கினாலும் மண் இளகும். புல்லைக் கொல்லும் கிளைபோசேட் 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் அத்தடை தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டது. நஞ்சா, மண்ணரிப்பா என்று வாதிட்டவர்கள், இரண்டையும் குறைக்கும் மூடுபயிரையும் கான்வெட்டையும் பற்றிப் போதிய அளவு பேசவில்லை.

4. காம்பராவிலிருந்து வீட்டுக்கு

2018இல் இந்திய உதவியுடன் கட்டிய 404 வீடுகள் டன்சினனில் கையளிக்கப்பட்டன. குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலம் என்பது அப்போதைய கொள்கை. லயத்துக் காம்பராவில் தலைமுறைகளைக் கழித்தவர்களுக்கு இது பெரிய மாற்றம். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சரிவில் வீட்டுக்கொரு மலக்குழி என்றால், கீழேயுள்ள பீலியையும் ஊற்றையும் காக்கும் திட்டம் வீட்டோடு சேர்ந்தே வர வேண்டும். அது வராவிட்டால் மேல்வீட்டின் கழிவு கீழ்வீட்டின் குடிநீரில் கலந்துவிடும்.

5. பரிந்துரை

நிர்வாகத்தின் அலகு நீரேந்துப் பகுதியாக வேண்டும். தோட்ட முகாமையாளர், பிரதேச சபை, சுகாதார வைத்திய அதிகாரி மூவரும் ஒரே குழுவில் அமர வேண்டும். பீலி நீரின் பரிசோதனை முடிவு தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக்களத்தில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். அக்குழுவில் பாதிப்பேராவது கொழுந்து பறிக்கும் பெண்களாக இருக்க வேண்டும். காலைமுதல் மாலைவரை மலகூடமில்லாத மலையில் நிற்பவர்கள் அவர்களே. வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பவர்களும் அவர்களே. எந்த ஊற்று எந்த மாதத்தில் கலங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.